பாலிக்குப் பதிலாகச் சமோசிர் தீவு: வயதான மாமியாருடன் 9 நாள் பயணம், ஆலோசனை வேண்டும்

கேள்வி: நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் எங்கள் 14 வயது மகளும் 68 வயதான என் மாமியாரும் 9 நாள்கள் வெளிநாடு சென்று வரலாம் என்று இருக்கிறோம். நாங்கள் கேட்ட பயண முகவர்கள் எல்லோரும் பாலியையே சொல்கிறார்கள். பாலியின் அழகில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் சென்ற ஆண்டு அங்கே போய் வந்த என் தங்கை, பகல் பொழுதில் பாதி வாகன நெரிசலிலேயே கழிந்துவிட்டதாகச் சொன்னாள். அதன் பிறகுதான் கூட்டம் குறைந்த, அவசரம் இல்லாமல் இருந்து பார்க்கக்கூடிய ஒரு தீவைத் தேடத் தொடங்கினேன்.

மகளின் புவியியல் பாடத்துக்காக எரிமலைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள தோபா ஏரியும், அந்த ஏரியின் நடுவே இருக்கும் சமோசிர் தீவும் கண்ணில் பட்டன. தீவுக்குள் ஓர் ஏரி, அந்த ஏரிக்குள் மறுபடியும் ஒரு தீவு என்ற செய்தி மகளுக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அவள் வேறு எந்த ஊரின் பெயரையும் காதில் வாங்க மறுக்கிறாள்.

எனக்குத்தான் தயக்கங்கள் இருக்கின்றன. என் மாமியார் முட்டைகூடச் சேர்க்காத சைவர். முழங்கால் வலியால் படியேறுவது அவருக்குத் துன்பம். அங்குள்ள படாக் மக்களின் உணவில் பன்றி இறைச்சியும் மீனும் முதன்மையானவை என்று படித்தேன். அந்த ஏரியில் சில ஆண்டுகளுக்கு முன்பு பெரிய படகு விபத்து நடந்ததும் மனத்தை உறுத்துகிறது. இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்த பிறகு, ஓர் ஏரியைப் பார்ப்பதற்காகவா வந்தோம் என்று பெரியவருக்குத் தோன்றிவிடக் கூடாது. சென்று வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை மறைக்காமல் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


மறுமொழி: ஏரிக்கரையான்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் வடக்குச் சுமத்ராவின் மேடான் நகருக்கு அருகே ஒரு பனையெண்ணெய் ஆலையில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தவன். அந்த மூன்றாண்டுகளில் தொடர்ந்து நான்கு நாள் விடுப்பு கிடைத்தபோதெல்லாம் சமோசிருக்கே சென்றேன். ஆகவே என் சொற்களில் பற்றுதல் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உங்கள் மகளுக்காகச் சொல்கிறேன். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வெடித்த எரிமலை, மனித இனம் தோன்றிய பிறகு உலகம் கண்ட வெடிப்புகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் சாம்பல் வங்கக் கடலைக் கடந்து வந்து இந்தியத் துணைக்கண்டத்தின் மேலும் படிந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் மண்ணடுக்குகளுக்கு இடையே அந்தச் சாம்பலைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெடித்த மலை தன்னுள்ளேயே சரிந்து உண்டான பள்ளத்தில் நீர் நிரம்பி, 100 கி.மீ. நீளமும் 30 கி.மீ. அகலமும், ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட ஏரியாயிற்று. பின்னர் அடியில் எஞ்சியிருந்த பாறைக்குழம்பு ஏரியின் தரையை மெல்ல மேலே தள்ளியது. அப்படி எழுந்து நின்ற ஏரித்தரைதான் சமோசிர். தீவின் மேட்டுப் பகுதியில் நடக்கும்போது ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த வண்டலின் மேல் நடக்கிறோம் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். எழும்போது தீவு மேற்குப் பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், கிழக்குக் கரையில் மலை சுவர்போல் செங்குத்தாக நிற்கிறது; மேற்குக் கரையிலோ நிலம் வயல்களாகப் படிப்படியாக இறங்குகிறது. யுனெஸ்கோ 2020இல் இந்த நிலப்பகுதியை உலகப் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்டது.

தீவு என்றதும் அரை நாளில் சுற்றிவிடும் சிறு திட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சமோசிரின் பரப்பு 600 சதுர கி.மீ.க்கு மேல், சிங்கப்பூரைவிடச் சற்றே சிறியது, அவ்வளவுதான். அதன் மேட்டு நிலத்தில் சிடிஹோனி என்று ஓர் ஏரியும் இருக்கிறது. ஆகவே சுமத்ரா என்னும் தீவு, அதற்குள் தோபா ஏரி, அதற்குள் சமோசிர் தீவு, அதற்குள் இன்னோர் ஏரி என்று உங்கள் மகளின் கணக்கில் மேலும் ஓர் அடுக்கைச் சேர்த்துக்கொள்ளலாம்.

செல்லும் வழியைச் சொல்கிறேன். கோலாலம்பூருக்குச் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர விமானத்தில் மேடானின் குவாலநாமு நிலையத்தில் இறங்குவதே நம் பக்கத்திலிருந்து செல்பவர்களுக்கு எளிது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்தோனேசியா 30 நாள் வருகை விசா தருகிறது; கட்டணம் ஆளுக்கு 5,00,000 ரூபியா. புறப்படும் முன்பே இணையத்தில் பெற்றுக்கொண்டால் பெரியவரை வரிசையில் நிறுத்த வேண்டியிருக்காது.

மேடானிலிருந்து ஏரிக்கரை ஊரான பராபாத்துக்கு ஏறத்தாழ 175 கி.மீ. சுங்கச்சாலை வந்த பிறகு நான்கு மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஆனால் நீங்கள் போகும்போது அந்த வழியில் போக வேண்டாம். திரும்பும்போது அதைப் பயன்படுத்துங்கள். போகும்போது காரோ மலைநாட்டின் வழியாகப் பெராஸ்தாகியில் ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள். மேடானிலிருந்து 70 கி.மீ.க்கும் குறைவான தூரம்தான். ஆனால் 1,300 மீட்டர் உயரம், நம் குன்னூரைப் போன்ற குளிர், காய்கறித் தோட்டங்கள், பழச்சந்தை, இரு பக்கமும் எரிமலைகள். அவற்றுள் சினாபுங், ஏறத்தாழ 400 ஆண்டுகள் அடங்கியிருந்து 2010இல் மீண்டும் விழித்துக்கொண்டது. அதன் அருகே போக வேண்டாம், தொலைவிலிருந்து பார்த்தால் போதும். காரோ மக்களின் செம்பிரிங் என்னும் குலத்தில் சோலியா, பாண்டியா என்று உட்பிரிவுகள் உள்ளன. பழைய தமிழ் வணிகத் தொடர்பின் எச்சமாக அறிஞர்கள் சுட்டிக்காட்டும் பெயர்கள் இவை. ஒரு கடைக்காரர் தம் குலப்பெயரைப் பாண்டியா என்று சொன்னபோது நான் பேச்சற்று நின்றேன்.

மறுநாள் மெரெக் ஊருக்கு அருகே சிபிசோ பிசோ அருவியைப் பாருங்கள். பீடபூமியின் விளிம்பிலிருந்து 120 மீட்டர் கீழே ஒரே வீழ்ச்சியாக விழும் அருவி அது. அடிவாரத்துக்கு இறங்கும் படிகள் மிகுதி. உங்கள் மாமியார் இறங்க வேண்டியதில்லை, ஏனெனில் அருவியும் ஏரியின் வடமுனையும் மேலிருக்கும் காட்சி மேடையிலிருந்தே முழுதாகத் தெரியும்.

படகைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. சமோசிர் முன்பு மேற்கே பங்குருரான் என்னும் ஊரருகே ஒரு குறுகிய நிலத்தால் கரையோடு ஒட்டியிருந்தது. டச்சுக்காரர் ஆட்சியில் அதை வெட்டிக் கால்வாயாக்கினார்கள். இன்று கால்வாயின் மேல் பாலம் இருக்கிறது. மெரெக்கிலிருந்து தெலே வழியாக வண்டியிலேயே தீவுக்குள் சென்றுவிடலாம். தெலேயிலிருந்து ஏரிமட்டத்துக்கு இறங்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுச் சாலை, என் கண்ணில், முழுப் பயணத்திலும் சிறந்த ஒரு மணி நேரம். வளைவுக்கு வளைவு ஏரி வேறு வேறு நீலத்தில் தெரியும். பெரியவருக்குத் தலைச்சுற்றல் வருமானால் முன்னிருக்கையில் அமரச் செய்து, காலையுணவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்குவதற்குத் துக்துக் என்னும் சிறு முனைதான் ஏற்றது. கிழக்குக் கரையில் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையில் விடுதிகள் நீரோரமாகவே இருக்கின்றன. அங்கே குறைந்தது நான்கு இரவுகள் தங்குங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். இரண்டு இரவுத் திட்டத்தோடு வருபவர்கள் வண்டிக் களைப்பு தீரும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் நீரைப் பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்த நாள் தோமொக்கில் பழைய அரசர்களின் கற்கல்லறைகளையும், அம்பாரித்தாவில் சியாலாகன் குடியினரின் கல் இருக்கைகளையும் பாருங்கள். மர நிழலில் வட்டமாகப் போடப்பட்ட அந்தக் கற்களில் அமர்ந்துதான் தலைவர்கள் வழக்குகளை விசாரித்துத் தண்டனை வழங்கினார்கள். மூன்றாம் நாள் ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு வடக்கே சிமானிந்தோ வழியாகப் பங்குருரான் சென்று வாருங்கள். அங்கே கந்தக வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அவற்றுக்கு மேலே நிற்கும் புசுக் புஹித் மலையில்தான் தங்கள் முதல் மூதாதை தோன்றியதாகப் படாக் மக்கள் நம்புகிறார்கள். நான்காம் நாளை வெறுமையாக விடுங்கள். அங்கே போன பிறகு அதை நிரப்ப உங்களுக்கே ஏதாவது தோன்றும்.


மறுமொழி: பினாங்கு வாசகி

வணக்கம் அக்கா. என் அம்மாவும் உங்கள் மாமியாரைப் போலவே முட்டை சேர்க்காதவர். நாங்கள் பினாங்கிலிருந்து மேடானுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானத்தில் சென்று, துக்துக்கில் ஐந்து இரவுகள் தங்கினோம். உணவைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், மற்றவற்றை மேலே உள்ள ஐயா நன்றாகவே எழுதியிருக்கிறார்.

அங்கே ‘லப்போ’ என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவை படாக் மக்களின் உணவுக்கடைகள். பன்றி இறைச்சியும் ஏரி மீனும் பனங்கள்ளுமே அங்கே கிடைக்கும். சில கடைகளில் பி1, பி2 என்று எழுதியிருப்பார்கள். பி1 என்றால் நாய் இறைச்சி, பி2 என்றால் பன்றி இறைச்சி. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தவறான கடைக்குள் நுழைந்து பெரியவர் மனம் வருந்த நேராது. துக்துக்கில் நெடுங்காலமாக வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்குவதால், விடுதிச் சமையலறைகளில் காய்கறி உணவு என்றால் என்னவென்று அறிந்திருக்கிறார்கள். அங்கே உணவு கிடைப்பதில் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் வழியிலுள்ள ஊர்களில்தான்.

சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்யும் டெம்பே, தாஹூ என்னும் சோயாக்கட்டி (டோஃபு), வேகவைத்த காய்களின் மேல் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றித் தரும் காடோ காடோ, காய்கறிகளைச் சேர்த்து வதக்கும் சாப் சாய் ஆகிய நான்கும் எங்கும் கிடைக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கலப்பது தெராசி என்னும் இறால் விழுது, எங்கள் ஊரில் நாங்கள் பிளாச்சான் என்று சொல்வோமே, அதுதான். சம்பலிலும் கடலைக் குழம்பிலும் அது இருக்கக்கூடும். ஆகவே ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘தன்பா டாகிங், தன்பா இகான், தன்பா தெலுர், தன்பா தெராசி’ என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சமையல் செய்பவரிடமே காட்டுங்கள். இறைச்சி, மீன், முட்டை, இறால் விழுது ஆகியவை இல்லாமல் என்பது பொருள். மரவள்ளி இலையை இடித்துத் தேங்காய்ப் பாலில் வேகவைக்கும் ‘டாவுன் ஊபி தும்புக்’ அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதிலும் சிலர் நெத்திலி சேர்ப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டே வாங்கினோம்.

நாங்கள் ஒரு சிறிய மின்சாரச் சோறு குக்கரும், பருப்புப் பொடியும், புளிக்காய்ச்சலும் கொண்டு சென்றோம். அம்மா அவற்றை இரண்டு முறைதான் பயன்படுத்தினார். இருந்தாலும் அவை பெட்டியில் இருந்ததே அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பழங்களைத் தாராளமாக வாங்குங்கள். பராபாத்தில் கூடை கூடையாக விற்கும் சிறிய மாம்பழமும், பெராஸ்தாகிச் சந்தையின் மார்க்கிசா பழமும் எங்களுக்கு இன்றும் நினைவில் நிற்கின்றன. காப்பி குடிப்பவராக இருந்தால் ஏரிக்குத் தெற்கே விளையும் லிந்தோங் காப்பித்தூளை வாங்கி வாருங்கள்.

மேடானில் ஓர் இரவு தங்குவீர்களானால் கம்போங் மெட்ராஸ் பகுதியிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குச் செல்லுங்கள். மேடானைச் சூழ்ந்த டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் 1884இல் எழுப்பிய கோயில் அது. அந்தப் பகுதியைச் சுற்றி இந்திய உணவுக்கடைகள் இருக்கின்றன. சீனப் பௌத்தர்கள் நடத்தும் முழுச் சைவ உணவகங்களும் மேடானில் பல உண்டு. நகரின் ஓரத்தில் அன்னை வேளாங்கண்ணிக்குக் கட்டிய ஆலயம், கோயில் கோபுரம்போல் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும். 2005இல் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தை உருவாக்கியவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஓர் இயேசு சபைத் துறவி. எங்கள் அம்மா அந்தப் படிகளின் கீழே நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.


மறுமொழி: தென்பெண்ணை

மேலே உள்ள இருவருக்கும் அந்த ஊர் பிடித்திருக்கிறது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் நீங்கள் முடிவெடுக்க உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் மேடானில் இறங்கிய அன்றே பராபாத்துக்குப் புறப்பட்டோம். சுங்கச்சாலை முடிந்த பிறகு வந்த ஒற்றைச் சாலையில் எண்ணெய்ப்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சென்றோம். வாடகை வண்டியில் ஓட்டுநர் கண்ணாடிகளைச் சாத்திக்கொண்டு புகைபிடித்தபடி ஓட்டினார். நாங்களும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படாக் மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள் என்பதால், காலையில் ஊரே தேவாலயத்தில் இருந்தது. கடைகள் பல மூடியிருந்தன. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு மறுநாள் திரும்பிவிட்டோம். இரண்டு பகல்களுக்காக நான்கு நாள்களைச் செலவிட்டோம் என்ற எண்ணமே மிஞ்சியது. நான்கு இரவுகள் தங்கச் சொல்பவர் சரியாகத்தான் சொல்கிறார்; அது இயலாதென்றால் போகாமலே இருந்துவிடலாம் என்பது என் கருத்து. கடற்கரை, மாலை நேரக் கலைநிகழ்ச்சிகள், கடைத்தெரு, மசாஜ் நிலையங்கள் என்று பாலியில் இருப்பவற்றை எதிர்பார்த்துச் சென்றால் கட்டாயம் ஏமாற்றமே.

படகு விபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2018 ஜூன் 18 அன்று, ரம்ஜான் விடுமுறைக் கூட்டத்தோடு சிமானிந்தோவிலிருந்து திகாராஸ் துறைக்குச் சென்ற சினார் பங்குன் என்னும் மரப்படகு கவிழ்ந்து மூழ்கியது. ஏற்க வேண்டிய அளவைப்போலப் பல மடங்கு ஆள்களையும் இருசக்கர வண்டிகளையும் அந்தப் படகில் ஏற்றியிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏரி அவ்விடத்தில் அவ்வளவு ஆழமாக இருந்ததால் பெரும்பாலோரின் உடலைக்கூட மேலே கொண்டுவர முடியவில்லை. பராபாத் பக்கத்து அஜிபாத்தா துறையிலிருந்து அம்பாரித்தாவுக்கு வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் இரும்புக் கப்பல் ஓடுகிறது. சிறு மரப்படகில்தான் செல்ல வேண்டும் என்றால் காலையிலேயே செல்லுங்கள், ஏனெனில் பிற்பகலில் காற்று எழும்பி ஏரி கடல்போல் அலையடிக்கும். உயிர்காப்பு அங்கி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, ஏறியவுடன் அணிந்துகொள்ளுங்கள். படகு நிறைந்திருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் இறுதியில் வடக்குச் சுமத்ராவில் பெய்த பெருமழையில் சிபோல்காவும் தபானுலி மாவட்டங்களும் வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மேற்குக் கடற்கரைப் பக்கம் செல்லும் எண்ணம் இருந்தால், சாலைகளின் நிலையை விடுதிக்காரர்களிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.


மீண்டும் கேள்வியாளர்: நொய்யல்கரை

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தென்பெண்ணை அவர்களின் மறுமொழியைத்தான் என் கணவர் இரண்டு முறை படித்தார். அதன் பிறகே பயணத்தை உறுதி செய்தோம். எதற்காகப் போகிறோம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது அதில்தான் தெளிவாயிற்று. சமோசிரில் ஐந்து இரவுகள், பெராஸ்தாகியில் ஒன்று, மேடானில் இரண்டு என்று வைத்திருக்கிறோம். போகும்போது தெலே வழியாக வண்டியில் சென்று, திரும்பும்போது மட்டும் காலைப் படகில் ஏரியைக் கடக்கலாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. துக்துக்கில் இருசக்கர வண்டி வாடகைக்கு எடுப்பது சரியா? படாக் மக்களின் பழைய வீடுகளுக்குள்ளும் கல்லறைகளுக்கு அருகிலும் வெளியார் செல்வதை அவர்கள் விரும்புவார்களா? யாருடைய மனத்தையும் புண்படுத்தாமல் பார்த்துவிட்டு வர விரும்புகிறோம்.


மறுமொழி: ஏரிக்கரையான்

இருசக்கர வண்டியைப் பொறுத்தவரை, உங்கள் கணவரிடம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இருந்து, பயணக் காப்பீட்டிலும் அதற்கு இடமிருந்தால் மட்டும் எடுங்கள். தீவைச் சுற்றும் சாலை இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் எருமைகளும் நாய்களும் பள்ளி விட்டுச் செல்லும் பிள்ளைகளும் திடீரென்று குறுக்கே வருவார்கள். நால்வர் ஒன்றாகச் செல்வதால் ஒரு நாளைக்கு ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவதே உங்களுக்கு ஏற்றது. புகைபிடிக்காத ஓட்டுநர் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வீடுகளைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது, ஏனெனில் பெரும்பாலோர் அவற்றைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படாக் வீட்டின் கூரை இரு முனையும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். முன்பு கருப்பனையின் நாரால் வேய்ந்தார்கள், இப்போது பெரும்பாலும் தகரம்தான். முகப்பில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகிய மூன்றே நிறங்களில் ‘கோர்கா’ என்னும் செதுக்கு வேலைப்பாடு இருக்கும். அதில் பல்லி உருவத்தைத் தேடிப் பாருங்கள். எந்த வீட்டிலும் ஒட்டிப் பிழைக்கும் பல்லியைப்போலப் படாக் மகன் எங்கே போனாலும் வாழ்ந்துகொள்வான் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வீடுகள் தூண்களின் மேல் உயர்ந்திருப்பதால் உள்ளே ஏணிப்படியில் ஏற வேண்டும், வாயிலும் தாழ்வாக இருக்கும். குனிந்து வருபவன் வீட்டாரை வணங்கி வருகிறான் என்பது அவர்களின் விளக்கம். உங்கள் மாமியாரை ஏற வற்புறுத்த வேண்டாம். சிமானிந்தோவின் அருங்காட்சியகத்தில் வீடுகள் சூழ்ந்த முற்றத்தில் காலையில் கொண்டாங் மேளத்தோடு நடனம் நடக்கும். அவர் கீழே அமர்ந்தபடியே அனைத்தையும் பார்த்துவிடலாம். மக்கள் குடியிருக்கும் வீடு என்றால் வாயிலில் நின்று ‘ஹோராஸ்’ என்று வணக்கம் சொல்லி, அழைத்தால் மட்டும் உள்ளே செல்லுங்கள். நன்றி சொல்ல ‘மௌலியாத்தே’.

அவர்கள் உங்களிடம் முதலில் கேட்பது பெயரை அன்று, ‘மார்கா’ என்னும் குலப்பெயரை. ஒரே மார்காவைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தவர்களுக்கு ஒப்பானவர்கள், அவர்களுக்குள் மணவுறவு கூடாது. தாயின் உடன்பிறந்தானைத் ‘துலாங்’ என்கிறார்கள். துலாங்கின் மகளை மணப்பதை மரபு விரும்பி ஏற்கிறது. தாய்மாமன் மகளை உரிமைப் பெண்ணாகக் கருதும் நம் வழக்கத்தை என் விடுதிக்காரரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சமையலறையிலிருந்த தம் மனைவியை அழைத்து வந்து அமர வைத்து, அதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அன்று மாலை முழுவதும் இரு ஊர்களின் உறவுமுறைகளையும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர், தன் குலத்தார் என்னும் மூவகை உறவின் மேல்தான் அவர்களின் சமூகமே நிற்கிறது. மூன்று அடுப்புக்கற்கள் என்று பொருள்படும் ‘டாலிஹான் ந தோலு’ என்பது அதன் பெயர். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் மொழிபெயர்க்க மகள் இருக்கிறாள், கைப்பேசியும் இருக்கிறது.

கல்லறைகள் வயல்களின் நடுவே சிறு வீடுகளைப்போல வண்ணம் பூசி நிற்பதைக் காண்பீர்கள். அவை சுற்றுலாச் சின்னங்கள் அல்ல, அந்தந்தக் குடும்பத்துக்கு உரியவை. இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மூதாதையரின் எலும்புகளை எடுத்துத் தூய்மை செய்து, உற்றார் அனைவரும் கூடி, விருந்தோடும் மேளத்தோடும் உயரமான நினைவிடத்தில் மறுபடி வைப்பது அவர்களின் பெருங்கடமை. அப்படியொரு சடங்கு வழியில் நடந்தால் ஒதுங்கி நில்லுங்கள்; பெரும்பாலும் அவர்களே அழைத்து உட்கார வைப்பார்கள். படமெடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். தோமொக்கில் அரச கல்லறைகளுக்குள் நுழையும்போது ‘உலோஸ்’ என்னும் தறிநெய்த துணியைத் தோளில் அணியச் சொல்வார்கள். பிறப்பு, மணம், இறப்பு என்று ஒவ்வொரு நிலையிலும் உறவினர் போர்த்தும் துணி அது. நினைவாக ஒன்று வாங்க விரும்பினால், தோமொக் கடைவரிசையின் அச்சுத் துணிகளைத் தவிர்த்து, வீட்டுத் திண்ணையில் தறி வைத்திருக்கும் பெண்களிடமே வாங்குங்கள். நெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுவிட்டால் விலை பேச மனம் வராது.

பணத்தை மேடானிலேயே ரூபியாவாக மாற்றிக்கொள்ளுங்கள், துக்துக்கில் அட்டை ஏற்கும் இடங்கள் குறைவு. அறை பதிவு செய்யும்போது தரைத்தளத்தில், ஏரிக்கு நேர் எதிரே, வெந்நீர் வசதியோடு வேண்டும் என்று கேளுங்கள். நிலம் சரிவாக இருப்பதால் சில விடுதிகளில் சாலையிலிருந்து அறைக்கு நாற்பது, ஐம்பது படிகள் இறங்க வேண்டியிருக்கும். திரும்பும் நாளில் பராபாத் செல்லும் பயணிகள் படகு விடுதித் துறைகளிலேயே நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும். முந்தைய இரவே விடுதிக்காரரிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்னதாகத் துறையில் நின்று, படகு முனையைத் திரும்பும்போது கையை உயர்த்திக் காட்டுங்கள். பெரியவரை ஏற்றிவிட அவர்களே பலகை போட்டுக் கை கொடுப்பார்கள்.